ஐந்தாவது வாக்கியம்

க்ளுஸ் என்றால் அமைதியான, சத்தமில்லாத. லாட்விய மொழியில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுதிக்கொண்டு பதினோரு மணி வகுப்புக்குப் போக வேண்டும். பரமகுரு எட்டு மணிக்குச் சமையலறை மேசையில் நோட்டை விரித்தவன் கடகடவென்று நாலு எழுதிவிட்டான். நூலகம் அமைதியானது. காலையில் எங்கள் தெரு அமைதியானது. மூன்றாவதற்கு வீட்டில் இல்லாத ஒரு பூனையை வரவழைத்து அதையும் அமைதியாக்கினான். நாலாவது பெருங்கடல். பசிபிக்கை இவர்களும் அமைதிப் பெருங்கடல் என்றுதான் சொல்கிறார்கள், சாத்தூர் பள்ளிக்கூடத்தில் அவன் படித்ததும் அப்படித்தான், ஆக அது ஓசியில் கிடைத்த வாக்கியம். ஐந்தாவதில்தான் பேனா நின்றுவிட்டது. மணி இப்போது எட்டே முக்கால். இனேஸே டீச்சர் போன சனிக்கிழமை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கொரு சொல் எடுக்கச் சொன்னாள். பக்கத்தில் இருந்த உஸ்பெக்காரனுக்கு அழகான என்ற சொல் வந்தது. இவனுக்கு இது. சீட்டைப் பிரித்தவுடன் மடித்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். டீச்சர் சிரித்துக்கொண்டே முடியாது என்றாள். நாலு வாக்கியம் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதலாம், ஐந்தாவது மட்டும் உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீட்டிலிருந்து என்றால் எதை எழுதுவது? ஃப்ரிட்ஜ் அமைதியானது என்றா? ஃப்ரிட்ஜ்கூட அமைதியாக இல்லை, பத்து நிமிடத்துக்கொருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறது. இந்த வீட்டில் இப்போது பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். ஒன்பதரைக்கு மனைவி செண்பகவல்லி ஊரிலிருந்து கூப்பிடுவாள். சனிக்கிழமை சொல்லுதேன் என்றாள், வருகிறாளா இல்லையா என்பதை. கோவில்பட்டியில் அப்போது பன்னிரண்டு மணி. ஒன்பதரை வரைக்கும் ஐந்தாவது வாக்கியத்தைப் பற்றி மட்டும் நினைப்பது என்று முடிவுசெய்திருக்கிறான், அந்த முடிவு எத்தனை நிமிடம் நிற்கும் என்று பார்ப்போம்.

நிற்கவில்லை. ஏனென்றால் இந்தச் சொல் அவனுக்குப் புதிது இல்லை. ரீகாவுக்கு வந்து அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் லாட்வியச் சொல்லே இதுதான், வணக்கத்துக்கும் நன்றிக்கும் முன்னால். அவன் கற்றுக்கொண்ட மறுநாளே செண்பகவல்லியும் கற்றுக்கொண்டாள். இன்றுவரை அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான், வேறு எதையும் அவன் சொல்லித் தரவில்லை. முதல் தடவை கேட்டபோது அவள், நம்ம ஊர்ல கொலுசுன்னா சத்தம் போடுறது, இவுகளுக்குக் கொலுசுன்னா சத்தம் போடாததா, நல்ல ஊருங்க என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பே படிக்கட்டு வரைக்கும் போயிருக்கும். அவள் குரல் அப்படி. கோவில்பட்டியில் அவள் அப்பாவுக்கு மைக்செட் கடை, செண்பகா சவுண்ட் சர்வீஸ், மகள் பெயரைத்தான் வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. அந்த வீட்டில் காப்பி வேண்டும் என்றாலும் குழாய் ஸ்பீக்கரை மீறித்தான் கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வந்தார். திடீரென்று எல்லாம் நின்றுபோன அந்த நொடியில், மாப்பிள்ளை கருப்புதான் ஆனா கண்ணு நல்லாருக்கு என்று அடுப்படியிலிருந்து அவள் யாரிடமோ சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பரமகுரு அப்போதே விழுந்துவிட்டான். அந்தக் குரலுக்காகத்தான் கட்டிக்கொண்டான், பிறகு அந்தக் குரலைத்தான் குறை குறை என்று இரண்டு வருடம் பிடுங்கி எடுத்தான். இதை எந்த நோட்டில் எழுதுவது? க்ளுஸாக் என்றால் இன்னும் அமைதியாக. போனில் அம்மாவிடம் பேசும்போது க்ளுஸாக். பாத்திரம் விளக்கும்போது க்ளுஸாக். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான், அவளும் வேடிக்கையாக உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பூனை நடை நடந்து காட்டினாள். பிறகு எப்போது அதில் வேடிக்கை போனது என்று யோசித்தால் தேதி கிடைக்கவில்லை. ஒருநாள் அவள் தும்மினாள், இவன் க்ளுஸாக் என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போது ஃப்ரிட்ஜ் கதவிலும் ஜன்னலிலும் நோட்டுத் தாளிலும் இருக்கிறது. இனேஸே டீச்சர் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் சொன்னாள், இந்தக் க்ளுஸாக்கை வெறுமனே சொல்லாதீர்கள், தயவுசெய்து என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாயை அதட்டுகிற மாதிரி இருக்கும் என்று. வகுப்பே சிரித்தது. பரமகுரு மட்டும் பென்சில் சீவினான், சீவ வேண்டியதில்லாத பென்சிலை.

எல்லாவற்றுக்கும் காரணம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். இல்லை, காகிதத்தின் மேல் பழி போடக் கூடாது. காரணம் பயம். வந்த இரண்டாவது மாதம் அது கண்ணில் பட்டது, போனை வைத்துப் படித்தான், அமைதியைக் கடைப்பிடியுங்கள் என்று இருந்தது. நம்மைத்தான் சொல்கிறார்கள். நம் வீட்டு குக்கரைத்தான். கீழ் வீட்டில் வெல்டா என்று ஒரு அம்மாள், டிராம் ஓட்டுகிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆகிருதியான ஆள், படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தாடையை ஒரு சுண்டு சுண்டுவார். மூன்று வருடத்தில் அவனுக்கும் அவருக்கும் உள்ள பழக்கம் அந்தச் சுண்டுதான். அவர்தான் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று தானே தீர்மானித்தான், தானே நம்பினான். புகார் வீட்டுக்காரனுக்குப் போகும், வீட்டுக்காரன் காலிசெய்யச் சொல்வான், முகவரி போனால் குடியிருப்பு அட்டை போகும், அட்டை போனால் வேலை போகும், கப்பல் சரக்கு எங்கே வருகிறது என்று கணினியில் பார்த்துச் சொல்கிற வேலைதான், ஆனாலும் சாத்தூரில் தெருவுக்கே சொல்லிவிட்டு வந்த வேலை. ஒரு விசிலிலிருந்து அவன் மனசு அரை நிமிடத்தில் விமான நிலையம் வரை ஓடிவிடும், அப்படி ஒரு மனசு. குக்கர் விசில் வரக் கூடாது என்று சட்டம் போட்டான். பருப்பு எப்படி வேகும் என்று அவள் கேட்டாள். விசில் வரப் போகிற நேரம் பார்த்துக் கரண்டியால் வெயிட்டைக் கொஞ்சம் தூக்கி ஆவியை விட்டுவிடு என்றான், என்னமோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அன்றிலிருந்து காலையில் அவள் கரண்டியும் கையுமாக அடுப்பு முன்னால் நிற்பாள். குக்கர் சிணுங்க ஆரம்பித்ததும் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வெயிட்டைத் தூக்குவாள், புஸ்ஸென்று ஆவி, மறுபடி வைப்பாள், மறுபடி சிணுங்கும். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். ஒருநாள் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். கத்தவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் மகள், கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு, கத்தாமல் நின்றாள். பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்த பரமகுருவுக்கு அப்போது வந்தது நிம்மதி. சத்தம் வரவில்லையே என்ற நிம்மதி. மணி ஒன்பதாகப் போகிறது.

தங்கச்சி வளைகாப்புக்குப் போயிட்டு வாரேன் என்று செப்டம்பரில் போனாள். நாற்பது நாள் என்றார்கள். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து அது குப்புற விழுந்து இப்போது தவழவும் ஆரம்பித்துவிட்டது, இவள் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. போன் செய்தால் எடுக்கிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள், பனி விட்டுருச்சா என்கிறாள். எப்ப வருவ என்றால் மட்டும், பாப்போம். அவள் போன முதல் வாரம் வீடு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது வாரத்தில் அவன் காது என்னவோ தேட ஆரம்பித்தது. நாற்காலியை இழுத்துப் பார்த்தான். ஸ்பூனைக் கீழே போட்டுப் பார்த்தான். வெந்நீர்க் குழாய் சுவருக்குள் தட்டுகிற சத்தம் அவள் வளையல் மாதிரி கேட்கும், எழுந்து போய் நின்று கேட்டுவிட்டு வருவான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனவன் பக்கத்துக் கட்டடத்தின் வாசலில் அதே காகிதத்தைப் பார்த்தான். அதற்கடுத்த கட்டடத்திலும் பார்த்தான். தெரு முழுக்க ஒவ்வொரு படிக்கட்டாகப் போய்ப் பார்த்தான், கையில் பால் பாக்கெட்டோடு, பதினோரு கட்டடம். எல்லாவற்றிலும் அதே அச்சு, அதே வரி, இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை. கீழே தேதி இருந்தது. அவர்கள் ரீகாவுக்கு வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. யாரும் அவர்களைச் சொல்லவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. அவள் குக்கர் வைத்ததோ எட்டு மணிக்கு. பனியில் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான், எண்ணை எடுத்தான், போனைப் பைக்குள் வைத்துவிட்டான். எப்படிச் சொல்வது? உன் வாயை நான் சும்மா கட்டிவைத்தேன் என்றா? இன்னும் சொல்லவில்லை. அவள் அட்டைக்கு மே பன்னிரண்டு கடைசி. அதற்குள் வந்து புதுப்பிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, ஒரு வருடமும் ஆகலாம், அதற்குள் பாப்போம் என்பது வேண்டாம் என்று ஆகிவிடும். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் இன்று சொல்கிறேன் என்றிருக்கிறாள். இன்று ஏப்ரல் இருபத்தைந்து. வேண்டாம் என்று சொல்கிறவள் எதற்கு ஒரு வாரம் அவகாசம் கேட்க வேண்டும்? வருகிறேன் என்று சொல்கிறவளுக்கும் எதற்கு அவகாசம்? இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டால் மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், ரிக்கார்டு கீறல் விழுந்த மாதிரி. எழுந்தான். கொண்டைக்கடலை ஊறிக் கிடந்தது. இன்று கடைசி வகுப்பு, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் டீச்சர், இவன் சுண்டல் என்று வாயைக் கொடுத்துவிட்டான். கொண்டைக்கடலையைத் திறந்த சட்டியில் வேகவைத்தால் அடுத்த சனிக்கிழமைதான் வேகும். ஏழு மாதமாக அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த குக்கரை இறக்கினான். வெயிட் உள்ளேயே இருந்தது, அவள் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். துணியை முகர்ந்து பார்த்தான். மஞ்சள்பொடி வாசனைதான். கடலையைப் போட்டு, உப்புப் போட்டு, மூடி, வெயிட்டை வைத்து, பழக்கத்தில் கரண்டியையும் எடுத்துவிட்டான். எடுத்த கையோடு நின்றான். பிறகு கரண்டியை இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

போன் ஒன்பதரைக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அவளுக்கு முன்னால் அவள் வீட்டுச் சத்தம் வந்தது, யாரோ ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீ என்று மைக் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை அழுதது, தெருவில் மினி பஸ் ஹாரன். அந்த இரைச்சலைக் கேட்டதும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது, இதையெல்லாம் அவளிடம் யாரும் சொல்லப் போவதில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேத்தான். பனி விட்டுருச்சா?"

"விட்டுருச்சு. மரத்துல துளிர் வந்திருக்கு."

அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள், அல்லது மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தங்கச்சி மாப்பிள்ளை ஊருக்குப் போனது, அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்தது, எல்லாம் சொன்னாள். பாப்பா என் கையிலதான் தூங்குது என்றாள். அதற்கென்ன அர்த்தம்? அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றா, நமக்கும் ஒன்று வேண்டும் என்றா? குக்கர் சிணுங்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு வெயிட் தலையை ஆட்டிக்கொண்டு. அவள் பேச்சு பாதியில் நின்றது.

"என்னங்க, குக்கரா வச்சிருக்கீங்க?"

"ஆமா. கொண்டக்கடல."

"வெயிட்டத் தூக்குங்க. வரப்போகுது. தூக்குங்க, தூக்குங்க, சத்தத்த வச்சே தெரியுது எனக்கு, இந்தா வந்துரும்."

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மைக்செட் கடை மாடியில் நின்றுகொண்டு அவள் பதறினாள். அந்தப் பதற்றம் அவன் கொடுத்தது. வேறு எதுவும் கொடுத்து அனுப்பவில்லை, இதைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"வரட்டும்," என்றான்.

வந்தது. ஏழு மாதத்துச் சத்தமும் சேர்ந்து வந்த மாதிரி அந்தச் சின்னச் சமையலறையை நிரப்பிக்கொண்டு வந்தது. அவனே ஒரு எட்டு பின்னால் வைத்துவிட்டான். ஓய்ந்த பிறகு போனில் மைக் டெஸ்டிங் மட்டும் கேட்டது.

"கட்டடத்துல என்ன சொல்லப் போறாக," என்றாள், தாழ்ந்த குரலில். க்ளுஸாக்.

அவன் அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தான். செம்பா, ஒண்ணு சொல்லணும், என்றான். இரண்டாவது விசில் வந்து அந்த வார்த்தைகளைத் தின்றது. அது ஓய்வதற்குள் கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு, கனமான கை. பரமகுருவுக்கு ஒரு நொடியில் வீட்டுக்காரன், அட்டை, விமான நிலையம் எல்லாம் வந்து வரிசையில் நின்றன, பழைய வரிசைதான், ஒன்றும் மறக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தான். வெல்டா நின்றிருந்தார், வீட்டுச் செருப்போடு, இரண்டிரண்டு படியாக ஏறி வந்தவர் மாதிரி மூச்சிரைக்க. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, செண்பகவல்லி என்று, தமிழில். அந்த டப்பாவைக் காணோம் என்று அவன் போன ஆகஸ்டில் அவளைக் கேட்டிருக்கிறான், எங்கிட்டாவது இருக்கும் என்றாள்.

வெல்டா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே சமையலறையைப் பார்த்தார். உதட்டைக் குவித்து ஸ்ஸ்ஸ் என்று குக்கர் மாதிரியே சத்தம் செய்தார். "ஷெம்பா?" என்றார். பிறகு லாட்வியனில், மெதுவாக, அவனுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, "ஷெம்பா வீட்டில் இருக்கிறாளா?"

இவர் வாயில் அந்தப் பெயர். அவன் மட்டும் கூப்பிடுகிற பெயர். பகலெல்லாம் அவன் அலுவலகத்தில் இருக்க, இவள் கீழே போயிருக்கிறாள். டப்பாவில் எதையோ போட்டுக்கொண்டு போய், இவர் அடுப்படியில் உட்கார்ந்து, தமிழிலேயே வாய் ஓயாமல் பேசியிருக்கிறாள். கேட்டுக்கொள்ள ஒரு ஆள் இருந்திருக்கிறது. மேலே வந்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். டப்பாவை வெல்டா நீட்டினார், உள்ளே என்னவோ சலசலத்தது, காய்ந்த ஆப்பிள் துண்டுகள். அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவருக்கும் ஏழு மாதம்தானே.

"இல்லை," என்றான் லாட்வியனில். "வீட்டில் இல்லை." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுதியெழுதிப் பார்த்தும் வராத ஐந்தாவது, யாரும் கேட்காமலேயே வந்து நின்றது. "பெஸ் வின்யஸ் தெ இர் லுவோத்தி க்ளுஸ்."

சொல்லி வாயை மூடவில்லை, மூன்றாவது விசில் பின்னாலிருந்து கட்டடமே அதிரக் கிளம்பியது. வெல்டாவின் தாடை ஒரு சுண்டு சுண்டியது. சிரிப்பை அடக்குகிற சுண்டு அது என்பது மூன்று வருடம் கழித்து அவனுக்கு இன்றுதான் தெரிந்தது. அவர் அடக்கவில்லை, சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"வெல்டாக்கா!" என்று போன் கத்தியது. அதுதான் அவள் குரல், குழாய் ஸ்பீக்கரை மீறுகிற குரல். வெல்டா போனைப் பார்த்து லாட்வியனில் நாலு வாக்கியம் மழை மாதிரி பொழிந்தார். அவள் தமிழில் ஆமாக்கா, நல்லாருக்கேன்க்கா, கால் வலி எப்படி இருக்கு என்றாள். ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குப் புரிந்த மாதிரியே இருவரும் பேசினார்கள். பிறகு அவள் நிறுத்தினாள்.

"என்னங்க."

"சொல்லு."

"அந்தச் சொல்ல யாரப் பாத்துச் சொன்னீங்க இப்ப? க்ளுஸ்ன்னீங்களே. அவுகளையா?"

"இல்ல. வீட்டப் பத்திச் சொன்னேன்."

"என்னன்னு?"

வெல்டாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "நீ இல்லாம இங்க ரொம்ப சத்தமே இல்லாம இருக்குன்னு சொன்னேன். யாரும் நம்மள ஒண்ணும் சொல்லல செம்பா. அந்தக் காகிதம் தெரு முழுக்க ஒட்டியிருக்கு, நாம வாரதுக்கு முந்தியே ஒட்டினது. நாந்தான்."

மைக் டெஸ்டிங் ஓடிக்கொண்டிருந்தது. ஒன், டூ, த்ரீ. அப்பா கொஞ்சம் அமத்துங்களேன் என்று அவள் கத்தினாள். அங்கே எல்லாம் நின்றது. பெண் பார்க்கப் போன அன்று மாதிரியே நின்றது.

"வந்தா நான் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்," என்றாள்.

"நிக்க வேண்டாம்."

"தும்முவேன்."

தலையை ஆட்டினான், போனில் அது தெரியாது என்பதுகூடத் தோன்றவில்லை. வெல்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது விசில் வந்தது, மூன்று பேரும் அதை முழுசாகக் கேட்டார்கள்.

"அடுப்ப அமத்துங்க, கடல கொழஞ்சு போயிரும்," என்றாள் செண்பகவல்லி. "பன்னெண்டாம் தேதிக்குள்ள பாத்து டிக்கெட்டப் போடுங்க."

வெல்டா படியிறங்கிப் போன பிறகு அவன் அடுப்பை அணைத்தான். ஆவி மெல்ல இறங்கியது. நோட்டில் ஐந்தாவது எண்ணுக்கு எதிரே அந்த வாக்கியத்தை எழுதினான். வீட்டில் மறுபடி ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் பதினேழு நாள் இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.